லட்சிய நோயாளி

டிரைவிங் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனது வைத்தியம் பார்த்துக்கொள்ள. கிடைத்தது கைதட்டல்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடும் நேரங்களில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவது அவள் தொழில். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உயிர்ப்பயம் அப்படி. கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. சினைப்பையில் குட்டிக் குட்டியாக நீர்க்கட்டிகள், அதனால் முட்டை ஒழுங்காக வெளியே வருவதில்லை என்று ஸ்கேன் எடுத்த பெண் சொன்னாள். அவளுடைய மாதவிலக்கு காலண்டரை மதிக்கிற ஜாதியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வரும், தோன்றினால் வரும்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதுக்குன்னே அங்க ரெண்டு டிபார்ட்மென்ட் இருக்கு," என்றாள் ஸ்கேன் பெண்.

ஒன்று மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

முதல் மாடியில் இடது தாழ்வாரம் மருந்துத் துறை. மாத்திரை கொடுத்து முட்டையை வளர்த்து வெளியே வரவைப்பது அவர்கள் வேலை. வலது தாழ்வாரம் அறுவைத் துறை. வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, சினைப்பையில் நாலைந்து இடங்களில் லேசாகச் சுட்டுவிட்டால் முட்டை தானாக வரும் என்பது அவர்கள் கட்சி. நோயும் ஒன்றுதான், நோயாளியும் ஒருவர்தான். ஆனால் இரண்டு தாழ்வாரமும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசிப் பல வருடமாகிவிட்டது. நடுவில் இருந்த தண்ணீர்க் குழாயில்கூட இடது பக்கத்துக்கு ஒரு பைப், வலது பக்கத்துக்கு ஒரு பைப்.

மருந்துத் துறைத் தலைவி அக்காவின் ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்து நின்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். அறுவைத் துறைத் தலைவருக்குப் போன் போட்டார்.

அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து, விலைக்கு வந்த பழைய காரைப் பார்க்கிற மாதிரி அக்காவைச் சுற்றி வந்தார்கள்.

"வயசு?"

"முப்பத்தி ரெண்டு."

"அடடா! கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வெயிட்?"

அக்கா சொன்னாள்.

"நட்ட நடுவுல நிக்குது! ஹார்மோன் பாருங்க மேடம், அதுவும் நடுவுல! வீட்டுக்காரர் பக்கம் ஏதாவது கோளாறு?"

"டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு வந்துச்சு சார்," என்றார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாராட்டு அது. சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அருமை! அருமை!" அறுவைத் துறைத் தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. "மேடம், இந்தக் கேஸுக்கு மாத்திரையும் சரி, ஆபரேஷனும் சரி. சரிசமம்."

அக்காவுக்கு உயிர் வந்தது. "அப்ப நல்ல விஷயம்தானே டாக்டர்? எதை ஆரம்பிக்கிறீங்க?"

அருங்காட்சியகத்துச் சிலைக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் இரண்டு தலைவர்களும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆரம்பிக்கிறதா?" என்றார் மருந்துத் துறைத் தலைவி. "தொட்டா கெட்டுடும்மா!"

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒருமுறை 'மாத்திரையா, கத்தியா?' என்று மாபெரும் விவாதம் நடக்கும். ஒரு நோயாளியை மேடையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வாதாடும். ஒவ்வொரு வருடமும் கூச்சலில் முடியும். கொண்டுவந்த நோயாளிக்கு எடை கூடுதல், அதனால் எங்களுக்குப் பாதகம் என்று ஒரு கட்சி எழும். வயது கூடுதல், அதனால் எங்களுக்கு அநியாயம் என்று இன்னொரு கட்சி மேஜையைத் தட்டும். எந்தப் பக்கமும் சாயாத ஒரு லட்சிய நோயாளி வேண்டும் என்று அவர்கள் ஏங்காத நாளில்லை. இப்போது வந்துவிட்டாள். விவாதம் முடிகிற வரை அவளுக்கு யாரும் எந்த வைத்தியமும் செய்யக் கூடாது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றாள் அக்கா.

"ஆடிட்டோரியத்துல நாற்காலிக்கு உறை மாத்திக்கிட்டிருக்காங்க. முடிஞ்சதும் நடத்திடலாம்."

அன்றே அவளுக்கென்று ஒரு நடுநிலை அதிகாரி நியமிக்கப்பட்டார். ஒல்லியான மனிதர். தலையை எந்தப் பக்கமும் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பேசுவார். அவருடைய வேலை, லட்சிய நோயாளி எந்தப் பக்கமும் சாயாமல் பார்த்துக்கொள்வது.

அடுத்த முறை அவள் வந்தபோது மருந்துத் துறை நர்ஸ் ஒருத்தி போகிற போக்கில், "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். எதிர்த் தாழ்வாரத்திலிருந்து ஆட்சேபணை கிளம்பியது. அதிகாரி அக்காவை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டுப் போய், அறுவை நடந்துகொண்டிருந்த அறையிலிருந்து தலைவரையே அழைத்து வந்தார்.

"சாப்டீங்களா?" என்றார் தலைவர், முகமூடிக்குள்ளிருந்து.

"சாப்ட்டேன் சார்."

"அவங்ககிட்ட சொன்னப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களாமே?"

அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள். அவர் திருப்தியாகத் திரும்பிப் போனார். உள்ளே மேஜையில் படுத்திருந்தவளுக்கு நல்லவேளையாக அதற்குள் மயக்கம் தெளிந்திருக்கவில்லை.

ஒரு நாள் தாகத்துக்கு இடது பைப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். உடனே வலது பைப்பிலும் அதே அளவு குடிக்கவைத்தார்கள். போதும் என்றாள். "நீங்க போதும்னு நினைக்கிறதே ஒரு சாய்வுதான்," என்றார் அதிகாரி கனிவாக. கழிப்பறை பொதுவாக இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு துறைக்கும் அக்கறை இல்லை.

வாசல் பிரச்சினையும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல். இடது வாசலில் நுழைந்தால் முதலில் மருந்துத் துறைக்கு ஏறும் படி வரும், வலது வாசலென்றால் அறுவைத் துறைக்கு ஏறும் படி. ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு, இனி அக்கா இடது வாசலிலும் கணவர் வலது வாசலிலும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும் என்று முடிவானது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒன்றாகப் போய் வந்த இடங்களே கொஞ்சம். அதிலும் ஒன்று குறைந்தது.

நடு பெஞ்சில் காத்திருந்த ஒரு நாள், பக்கத்தில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த பெண்ணின் கையில் மாத்திரை அட்டை இருந்தது.

"உங்களுக்கு என்னங்க?" என்றாள் அக்கா.

"அந்த நீர்க்கட்டிதான். ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடறேன். இப்ப முட்டை வளருதாம்."

"எனக்கும் அதே கட்டிதாங்க! எனக்கு ஒண்ணும் குடுக்க மாட்டேங்கறாங்களே?"

அந்தப் பெண் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டாள். "நீங்கதான் அந்த லட்சிய நோயாளியா? நாங்கள்லாம் கீழ சாதா வரிசை. வர்றோம், பாக்கறாங்க, மருந்து குடுக்கறாங்க. உங்களுக்கு இருக்கற மரியாதை எங்களுக்கு எங்க?"

அக்கா நேராக நடுநிலை அதிகாரியிடம் போனாள். "நான் சாதா வரிசைக்குப் போறேன்."

"உங்களால முடியாதும்மா. கேஸ் ஒரு பக்கமா சாஞ்சாத்தான் தகுதி இழக்கும். தகுதி இழந்தாத்தான் சாதா வரிசைக்கு அனுப்ப முடியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சாயவே மாட்டீங்கன்னு நம்பிக்கையா இருக்கோம்."

அவள் வீட்டுக்குப் பறந்தாள். கணவர் தரையில் உட்கார்ந்து ஒரு கம்ப்ரெஸரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"ஏங்க, நாளைக்கு நாம சாயறோம்!"

"எங்க சாயறது?"

"ஒரு பக்கமா. எனக்குன்னு ஒரு விருப்பம் இருக்குன்னு பட்டுனு சொல்லிட்டா அவங்க என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க. நான் ஒரு வாசல்ல சொல்றேன், நீங்க உங்க வாசல்ல சொல்லுங்க. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து சொன்னா அசைக்க முடியாது."

"சொல்லிட்டாப் போச்சு," என்றார் கணவர். வாயில் ஒரு திருகாணி இருந்தது. "உறுதியாவே சொல்றேன். நீ கவலையே படாத."

மறுநாள் அக்கா இடது வாசலில் நுழைந்து, படியேறி, "எனக்கு மாத்திரைதான் வேணும். மாத்திரை தவிர வேற பேச்சே கிடையாது!" என்று தாழ்வாரமே அதிரச் சொன்னாள். அதே நேரத்தில் வலது வாசலில் நுழைந்த கணவர், "என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்தான் பண்ணணும்! இல்லன்னா நான் இங்கயே உக்காந்துடுவேன்!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவலி மாத்திரையையே நாலாக உடைத்து வெல்லத்தில் பொதித்து விழுங்குகிறவள் தன் மனைவி, எந்தப் பக்கம் கேட்பாள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா என்று அவர் நினைத்துவிட்டார்.

நடுவில் அதிகாரி இரண்டு சத்தத்தையும் இரண்டு காதில் வாங்கிக்கொண்டு கண்கலங்க நின்றார்.

"ஒரே குடும்பத்துக்குள்ள ரெண்டு கட்சியும்!" என்றார். "இந்த மாதிரி ஒரு சமநிலைய நான் எங்கயும் பாத்ததில்ல!"

இரண்டு துறையும் தாழ்வாரத்துக்கு வந்து கைதட்டின.

"எந்தப் பக்கம்னு கேக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்ததும்.

"உனக்குச் சொல்லத் தெரியாதா? உனக்கு மாத்திரைன்னாலே ஆகாதேன்னு பாத்தேன்!"

"குழந்தைக்காக அம்மிக்கல்லைக் குடுத்தாக்கூட முழுங்குவேங்க!"

அவர் கையில் எடுத்த திருகாணியைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை கேட்டுக்கறேம்மா," என்றார்.

விவாதத்துக்கு முந்தின நாள் காலையில் அக்காவுக்கு மாதவிலக்கு வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு, தானாக. மாத்திரையை ஆரம்பிப்பதென்றால் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆரம்பிக்க வேண்டும் என்று பெஞ்சுப் பெண் சொல்லியிருந்தாள். இதை விட்டால் அடுத்தது எப்போதென்று அவளுக்கும் தெரியாது, அவளைப் படைத்தவனுக்கும் தெரியாது.

மறுநாள் மேடைக்குப் பின்னால் மருந்துத் துறைத் தலைவியின் கையையே பிடித்துக்கொண்டாள். "மேடம், இன்னிக்கு ரெண்டாம் நாள். ஒரே ஒரு மாத்திரை குடுத்து ஆரம்பிச்சு வைங்க. இதை விட்டா இன்னும் எத்தனை மாசமோ!"

"ரெண்டாம் நாளா? ரொம்பப் பொருத்தமான நாளாச்சே!" அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "வெளிய சொல்லிடாதம்மா. எங்களுக்குச் சாதகம்னு அவங்க ஆட்சேபணை பண்ணுவாங்க."

ஆடிட்டோரியம் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். மேடை நடுவில் அக்காவுக்கு ஒரு நாற்காலி. கணவருக்கு அதன் பின்னால் ஒரு ஸ்டூல். டைரக்டர் நடுவராக வீற்றிருந்தார்.

முதலில் அறுவைத் துறைத் தலைவர் எழுந்தார். திரையில் வட்டம் வட்டமாகப் படங்கள் வந்தன.

"இந்தத் துளைகளைப் பாருங்க! நான் சுட்டது. ஒண்ணுக்கொண்ணு அளவெடுத்த மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு துளைகூடக் கோணலா விழுந்ததில்ல. 'சரி, குழந்தை பிறந்துச்சா?'ன்னு சில பேர் கேக்கறாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. தியேட்டர் கதவுக்கு வெளியில நடக்கற விஷயத்துக்கெல்லாம் ஒரு சர்ஜன் எப்படிங்க பொறுப்பாவான்? என்னைப் பொறுத்தவரைக்கும் எல்லா ஆபரேஷனும் வெற்றி. நோயாளிகளோட ஒத்துழைப்புதான் கொஞ்சம் கம்மி."

கைதட்டல். மருந்துத் துறைத் தலைவி எழுந்தார்.

"எங்க மாத்திரையால வளர்ந்த முட்டைகளைப் பாருங்க. இது இருபது மில்லிமீட்டர்! இந்த உருண்டைக்கு இணை உண்டா? இது யாரோட முட்டைன்னு கேட்டா எங்களுக்கு ஞாபகமில்ல. அந்தம்மா அப்புறம் வரவே இல்ல. வரலைன்னா குணமாயிட்டாங்கன்னு அர்த்தம். சில பேர் திரும்பத் திரும்ப வர்றாங்க. அவங்க எங்க மேல நம்பிக்கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆக எப்படிப் பாத்தாலும் மாத்திரை ஜெயிக்குது."

அதைவிடப் பெரிய கைதட்டல். உடனே அதிகாரி எழுந்து, அறுவைத் துறைக்குக் குறைந்துபோன கைதட்டலை ஈடுகட்டும்படி சபையைக் கேட்டுக்கொண்டார். சபை ஈடுகட்டியது.

அக்கா கையைத் தூக்கினாள். "குழந்தை எத்தனை பேருக்குப் பிறந்துச்சுன்னு யாருமே பாக்கலையா சார்?"

"அது பிரசவ வார்டும்மா," என்றார் டைரக்டர். "பக்கத்துக் கட்டடம். தவிர, கேஸ் கேள்வி கேக்கக் கூடாது."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். உலகம் முழுக்க ஆராய்ந்து பார்த்ததில், பலனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே மாத்திரையும் வென்றது, கத்தியும் வென்றது.

டிரைவிங் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முன்னால் லாரி வருவதைப் பார்க்காமல் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டிருக்கும் ஆளிடம் கத்துகிற குரல் அவளுக்குத் தானாக வந்தது.

"ரெண்டு ரோடும் ஒரே ஊருக்குத்தான் போகுதுன்னா ஏதாவது ஒரு ரோட்டுல வண்டிய விடுங்களேன்! எதுக்கு நடு ஜங்ஷன்ல நிறுத்தி வச்சு ஹாரன் அடிக்கிறீங்க?"

சபை மொத்தமும் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மெதுவாக எழுந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அபாரம்! 'எந்த ரோடு?' அடுத்த வருஷ விவாதத்துக்குத் தலைப்பு கிடைச்சாச்சு. கேஸும் கையிலேயே தயாரா இருக்கறது நம்ம ஆஸ்பத்திரி செஞ்ச பாக்கியம்!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்கா கணவர் பக்கம் குனிந்தாள். "நாற்காலியப் பாத்துக்குங்க. காலியா இருந்தா தேடுவாங்க." எதற்கென்று கேட்காமல் அவர் ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். கைதட்டல் ஓய்வதற்குள் அவள் பக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டாள்.

கீழே சாதா வரிசை அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எக்ஸ்ரே அறையை ஒட்டிய ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு டாக்டரம்மா தனியாக உட்கார்ந்து வரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தார். விவாதத்துக்கு அழைக்கப்படாத ஒரே டாக்டர் அவர்தான். முதலில் மாத்திரை, சரிவராவிட்டால் ஆபரேஷன் என்று அவர் சொல்லிவருவதால், இரண்டு துறையும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான்.

"நீங்க மேடையில இருக்க வேண்டியவங்க இல்ல?" என்றார் டாக்டரம்மா. சுவரிலிருந்த ஸ்பீக்கரில் மாடிக் கூச்சல் வந்துகொண்டிருந்தது.

"என்னைச் சாதாவாப் பாருங்க டாக்டர். இன்னிக்கு ரெண்டாம் நாள்."

அவர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு சின்ன ஸ்கேன் எடுத்தார். எழுந்து நிற்கவுமில்லை, கண்கலங்கவுமில்லை.

"அஞ்சு நாள் மாத்திரை. அப்புறம் ஸ்கேன்ல முட்டை வளருதான்னு பாப்போம். சில மாசம் முயற்சி பண்ணலாம். சரிவரலன்னா அளவைக் கூட்டுவோம். அதுக்கும் கேக்கலன்னா அந்தத் துளை ஆபரேஷன் இருக்கவே இருக்கு. மாத்திரையில ரெட்டைக் குழந்தை ஆகறதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூட. உறுதின்னு எதையும் சொல்ல மாட்டேன், ஆனா நிறைய பேருக்கு ஆகுது. சரியா?"

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதாம்மா."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கிழித்து, டம்ளரில் தண்ணீரும் வைத்தார். அக்கா மாத்திரையை நாலாக உடைக்கவில்லை. முழுசாக வாயில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து நடுநிலை அதிகாரி மூச்சிரைக்க உள்ளே விழுந்தார்.

"முழுங்கிடாதீங்க! துப்பவும் வேண்டாம்! வாயிலேயே வச்சுக்குங்க! சபை முடியற வரைக்கும் அப்படியே நடுவுல வச்சுக்கிட்டீங்கன்னா நான் சமாளிச்சுடறேன்!"

அக்கா டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, இடது பக்கம் ஒருதரம், வலது பக்கம் ஒருதரம் காட்டினாள்.

அதிகாரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "சாஞ்சிட்டாங்க," என்றார் சுவரைப் பார்த்து. "கேஸே போச்சு. மேல என்ன பதில் சொல்லுவேன்?"

மேலே அவருடைய பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஸ்பீக்கரில் டைரக்டரின் குரல் கணீரென்று வந்தது.

"கேஸ் காணாமல் போனதால் சபை கலங்க வேண்டாம். நாற்காலியில் இப்போது அமர்ந்திருப்பவரையே கேஸாக ஏற்றுக்கொண்டு விவாதத்தைத் தொடரலாம் என இரண்டு துறையும் ஒப்புக்கொண்டுள்ளன. சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒருமனதாக!"

கைதட்டலைக் கிழித்துக்கொண்டு கணவரின் குரல் கேட்டது. "சார், எனக்குச் சினைப்பையே கிடையாது சார்!"

"அதனாலதான் சொல்றோம். உங்களைவிடச் சமநிலையான கேஸ் எங்களுக்கு இனிமே கிடைக்கவே கிடைக்காது. அசையாம உக்காருங்க."

"எம் பொண்டாட்டி தேடுவா சார்!"

"விவாதம் முடிஞ்சதும் அனுப்பிடறோம். நாற்காலிக்கு இன்னொரு உறை கொண்டாங்கப்பா!"

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா மீதி மாத்திரையை அவள் கையில் வைத்து மூடினார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா குழந்தைக்கு மாத்திரை மட்டும் பத்தாது," என்றார். "மேல போய் முதல்ல அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள், இரண்டிரண்டு படியாக.